மூன்று கியரும் இரண்டு காஸ்கற்றும்

பழைய ரூ-ஸ்ரோக் மோட்டார் சைக்கிள் (பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் வகை) ஒன்றை ரியூன் செய்து வைத்திருக்கிறேன் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் இரண்டு கேள்விகளில் ஒன்று வரும். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் "எத்தினையில ஓடும்?" என்பார்கள். தொண்ணூறுகளை இங்கே கழித்தவர்கள் "லீற்றருக்கு எத்தினை ஓடும்?" என்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லலாம். ஆனால் நான் செய்த வேலை எதற்காக என்றால், மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது அது விக்காமல் இழுக்க வேண்டும் என்பதற்காக. அதை யாரும் கேட்பதில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

வண்டி பி.எஸ்.ஏ. பன்ரம், டி-7 சூப்பர். 1959 முதல் 1966 வரை வந்த மொடல். 173 சி.சி., வார்ப்பிரும்புச் சிலிண்டர், அலுமினிய ஹெட், ஆறு வோல்ற் மின்சாரம், மூன்றே மூன்று கியர். பெரியமாமா பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வாங்கியது. நம்பர் தகட்டில் இருப்பது பழைய சிங்களச் சிறீ எழுத்து. அந்த எழுத்தை எதிர்த்து அதற்கு இந்த ஊரில் ஒரு காலத்தில் தார் பூசினார்கள். மாமாவின் வண்டி அதற்குப் பிறகு வந்ததால் தப்பியது. 1995இல் போரால் வந்த இடப்பெயர்வில் மூட்டைகளோடு தென்மராட்சி வரை உருட்டிக்கொண்டு போய், திரும்பவும் கொண்டுவந்து, பின் விறாந்தையில் சாத்தி வைத்தார்கள். அங்கிருந்துதான் நான் எடுத்தேன்.

பன்ரம் இங்கிலாந்து வண்டி என்று சொல்வது பாதி உண்மை. அதன் மூலம் ஜேர்மனியில் சோப்பாவ் என்ற சிறு பட்டினத்தில் இருந்த டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை. 1939 அளவில் ஹேர்மன் வேபர் வடிவமைத்த ஆர்.ரி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள், போர் முடிந்ததும் வென்றவர்களுக்கு இழப்பீடாகப் போயின. சோவியத் ஒன்றியம் அதை மொஸ்க்வா என்று செய்தது. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் ஒன்று செய்தது. பி.எஸ்.ஏ. கியர் மிதியை வலது பக்கம் வைப்பதற்காக எஞ்சினைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலமாகத் திருப்பிப் போட்டு, 1948இல் பன்ரம் என்று வெளியிட்டது. இழப்பீடு வாங்கும் உரிமை எதுவும் இல்லாத யமாஹாவும் 1955இல் தன் முதல் வண்டியை இதே ஆர்.ரி. 125ஐப் பார்த்தே செய்தது. ஜப்பானியர் அதைச் செந்தும்பி என்று கூப்பிட்டார்கள். ஆக, எங்கள் ஊரில் இன்றைக்கும் மரக்கறிக் கூடையோடு போகும் யமாஹா மேற்றும் என் பன்ரமும் ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

இத்தனை பேர் அதைப் பார்த்துச் செய்ததற்குக் காரணம் சிலிண்டருக்குள்ளே காற்று ஓடும் விதம். முந்திய ரூ-ஸ்ரோக்குகளில் பிஸ்ரனின் தலையில் மேடு ஒன்று இருக்கும். உள்ளே வரும் புதுக் கலவை நேரே எதிர்ப்பக்க எக்ஸோஸ்ற் போர்ட்டால் (புகை வெளியேறும் வாசல்) வெளியேறிவிடாமல் அந்த மேடு அதை மேலே தள்ளும். பாரமான பிஸ்ரன், சூட்டுக்குக் கோணும் பிஸ்ரன். அடொல்ஃப் ஷ்னூர்ல என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1920களில் அந்த மேட்டை எடுத்துவிட்டார். புதுக் கலவை உள்ளே வரும் இரண்டு ரான்ஸ்பர் போர்ட்டுகளையும் பின்சுவரைப் பார்த்தபடி சரித்து வைத்தார். கலவை பின்சுவரில் மோதி, மேலே ஏறி, சுழன்று இறங்கி, எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. டி.கே.டபிள்யூ. அந்த உரிமத்தை வாங்கியது. பன்ரத்தின் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினால் அந்தச் சரிவு இன்றைக்கும் கையில் படும். அராவி எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறவர்கள் முதலில் கெடுப்பதும் அந்தச் சரிவைத்தான்.

என் வண்டியைத் திறந்தபோது உள்ளே 1990களின் யாழ்ப்பாணம் இருந்தது. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் கையால் வெட்டிய அலுமினியத் தட்டு, ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு. சிலிண்டரின் அடியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கடதாசிக் காஸ்கற், அதாவது மூட்டில் காற்றுக் கசியாமல் வைக்கும் தாள். காபரேற்றரில் பெற்றோல் வரும் ஜெற்றின் துளையை யாரோ ஊசியால் அகட்டியிருந்தார்கள். பிளக் பொறி விடும் நேரமும் நன்றாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

இது தெரியாமல் செய்த வேலை அல்ல, முழு விளக்கத்தோடு செய்த வேலை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது. ஒஸ்ரின் காரிலிருந்து ஹொண்டா ஃபிஃப்ரி வரைக்கும் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் இரண்டு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவது வழக்கம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை, மிகக் குறைவு. பெற்றோலுக்கென்று செய்த கொம்பிறசனில் (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் விகிதம்) அதை எரித்தால் பிஸ்ரன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல் நொக் பண்ணும். ஆகவே கொம்பிறசனைக் குறைக்க வேண்டும், பொறியைப் பிந்த விட வேண்டும், ஜெற்றைப் பெருப்பிக்க வேண்டும். மாமாவுக்கு இதைச் செய்து கொடுத்த மெக்கானிக் மூன்றையும் செய்திருக்கிறார். அந்தத் தட்டை நான் எறியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். டி-7இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 61.5 மி.மீ., ஸ்ரோக் (பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம்) 58 மி.மீ. பிஸ்ரன் ஒருமுறை ஏறும்போது தள்ளும் கொள்ளளவு 172.3 கன சென்ரிமீற்றர். தொழிற்சாலைக் கொம்பிறசன் ஏறத்தாழ 7.4க்கு 1. அதாவது பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 27 கன சென்ரிமீற்றர் அளவு. இந்தப் போருக்கு ஒரு மில்லிமீற்றர் உயரம் மூன்று கன சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மில்லிமீற்றர் தட்டும் அரை மில்லிமீற்றர் மேலதிகக் காஸ்கற்றும் சேர்ந்து ஆறு கன சென்ரிமீற்றரைக் கூட்டிவிட்டன. கொம்பிறசன் 6.2க்கு இறங்கிவிட்டது. மண்ணெண்ணெய்க்கு அது அளவு. இன்றைக்கு ஷெட்டில் அடிக்கும் 92 ஒக்ரேன் பெற்றோலுக்கு அது சோம்பேறித்தனம்.

அடிக் காஸ்கற் இன்னொரு வேலையும் பார்க்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. பன்ரத்தில் வால்வு கிடையாது. பிஸ்ரனே சிலிண்டர்ச் சுவரில் உள்ள வாசல்களைத் திறந்து மூடும். சிலிண்டர் அரை மில்லிமீற்றர் உயர்ந்தால் எல்லாப் போர்ட்டுகளும் சேர்ந்து உயரும். எக்ஸோஸ்ற் முந்தித் திறந்து பிந்தி மூடும். இன்லெற் பிந்தித் திறந்து முந்தி மூடும். புகை போக அதிக நேரம், காற்று வரக் குறைந்த நேரம். ஒரு கடதாசித் தடிப்பில் எஞ்சினின் குணமே மாறுகிறது. ரியூனிங் என்று நான் செய்த வேலைகளில் பெரியது அந்தத் தட்டையும் ஒரு காஸ்கற்றையும் வெளியே எடுத்ததுதான் என்று சொன்னால் பெடியள் சிரிக்கிறார்கள். வேறு எந்த வேலையும் அந்தளவு வித்தியாசம் தரவில்லை.

அடுத்தது ஒயில் சீல். ரூ-ஸ்ரோக்கில், பிஸ்ரனுக்கு அடியில் கிராங்க் சுழலும் கிராங்க் கேஸ் என்பது வெறும் பெட்டி அல்ல, அதுவும் ஒரு பம்ப். பிஸ்ரன் இறங்கும்போது அடியில் உள்ள கலவையை அமுக்கி மேலே அனுப்புகிறது. கிராங்கின் இரண்டு முனையிலும் உள்ள சீல் காய்ந்து போனால் அமுக்கம் நிற்காது. செயின் கேஸ் பக்கச் சீல் போனால் அங்குள்ள ஒயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். மறுபக்கச் சீல் போனால் காற்றை உறிஞ்சும், கலவை மெலியும், பிஸ்ரன் உருகும்.

இந்த விசயத்தில் எனக்கு வழிகாட்டியவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் அல்லர். இங்கே சைக்கிள் கராச்சுகளில் ரூ-ஸ்ரோக் தெரிந்த தலைமுறை ஓய்ந்துவிட்டது. இப்போதுள்ள பெடியன்மார் நல்ல கைகாரர்கள், ஆனால் அவர்கள் பழகியது ஃபோர்-ஸ்ரோக்கில். ரூ-ஸ்ரோக்கை இன்றைக்கும் நாள்தோறும் பிரித்துப் பூட்டுகிறவர்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். குருநகர்ப் பக்கம் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு மோட்டார் திருத்தும் ஒரு அண்ணையிடம் கிராங்க் கேஸைக் கொண்டுபோனேன். ரியூனிங்கைப் பற்றி நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, முதல்ல காத்துப் போற ஓட்டைய அடைச்சுப்போட்டு வாரும். பிறகு ரியூனிங்கக் கதைப்பம்."

அவர் காட்டிய சோதனை மிகச் சுலபம். இன்லெற்றையும் எக்ஸோஸ்ற்றையும் றப்பர்த் துண்டு வைத்து அடைத்து, பிளக் துளையில் ஒரு குழாய் பூட்டி, சைக்கிள் பம்பால் ஆறு பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். மானியின் முள் சில நிமிடங்களுக்கு அசையாமல் நிற்க வேண்டும். சரிந்தால் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தால் குமிழி வரும் இடம் தெரியும். என்னுடையதில் முள் ஏறவேயில்லை.

சீல், பிஸ்ரன், றிங், பொயின்ற் (பொறி விடும் நேரத்தில் திறக்கும் மின்தொடுப்பு) எல்லாம் லண்டனிலிருந்து வந்தன. பன்ரத்துக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் புதுச் சாமான் செய்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வரும் மச்சானின் பெட்டியில் சொக்கலேற்றுக்கும் சென்ற்றுக்கும் நடுவில் அவை வந்து சேர்ந்தன. சாமான் வந்ததும் வராததுமாக மச்சான் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினான்: "மச்சான், டி-14 சிலிண்டர் ஒண்டும் ஹெட்டும் மலிவாக் கிடக்குது. எடுக்கட்டே? பன்ரண்டு குதிரை வலுவடா!"

வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் கியர்ப் பெட்டி.

டி-7க்குத் தொழிற்சாலை சொன்ன வலு 4,750 சுற்றில் 7.4 குதிரை. 1966இல் வந்த டி-10இல் அதைப் பத்தாக்கினார்கள். 1968இல் வந்த டி-14இல் கொம்பிறசனைப் பத்துக்கு ஏற்றி, எக்ஸோஸ்ற்றைப் பெருப்பித்து, 12.6 குதிரை எடுத்தார்கள். அடிப்படை எஞ்சின் ஒன்றுதான். அப்படியானால் என் எஞ்சினிலும் அது சாத்தியம்தானே? சாத்தியம். ஆனால் டி-14இன் முழுப் பெயர் டி-14/4. அந்த 4 நான்கு கியரைக் குறிக்கிறது. வலுவைக் கூட்டிய அதே கையால் அவர்கள் ஒரு கியரையும் கூட்டினார்கள்.

மூன்று கியர்ப் பெட்டியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் பெரிய பள்ளம். இரண்டாவதில் எஞ்சினை 5,000 சுற்று வரை இழுத்து மூன்றாவதுக்கு மாற்றினால் ஏறத்தாழ 3,000க்கு விழும். ரூ-ஸ்ரோக்கில் உச்ச வலுவைக் கூட்டும் வேலைகளில் அநேகமானவை அந்த வலுவை மேலே, ஒடுங்கிய ஒரு பட்டைக்குள் தள்ளுகின்றன. 4,500க்கும் 6,000க்கும் இடையில் பாயும் எஞ்சினை இந்தப் பெட்டியோடு பூட்டினால், மூன்றாவது கியர் போட்டதும் பள்ளத்தின் அடியில் கிடக்கும். எதிர்க்காற்றில் அங்கேயே கிடக்கும். ஆகவே என் எஞ்சினுக்கு நான் வைத்த சட்டம் ஒன்று: 3,000 சுற்றில் உள்ள இழுவையைக் குறைக்கும் எந்த வேலையும் செய்யக்கூடாது, மேலே எவ்வளவு கிடைத்தாலும் சரி.

இந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். கொம்பிறசனைக் கூட்டினால் கீழ்ச் சுற்றிலும் மேல்ச் சுற்றிலும் ஒன்றுபோல இழுவை கூடும். எனவே செய்யலாம். எக்ஸோஸ்ற் போர்ட்டை உயர்த்தினால் மேலே கூடும், கீழே குறையும். இந்த ஸ்ரோக்குக்கு ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் எக்ஸோஸ்ற் திறந்திருக்கும் நேரம் நாலைந்து பாகை அளவு கூடும். அதை விட்டுவிட்டேன். அகலத்தையும் தொடவில்லை. போரின் 65 வீதத்துக்கு மேல் அகலமாகத் திறந்த எக்ஸோஸ்ற்றில் றிங் வெளியே பிதுங்கி, விளிம்பில் கொளுவி முறியும்.

ஹெட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து அடிமுகத்தைச் சீவினேன். இலக்கு 8.5க்கு 1. அதற்குப் பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது 23 கன சென்ரிமீற்றர் மிஞ்ச வேண்டும். ஏறத்தாழ டி-10 அளவு. டி-14இன் பத்துக்குப் போக எனக்குத் துணிவில்லை. 92 பெற்றோல், நம்முடைய வெயில், காற்றடித்தால் மட்டும் குளிரும் வார்ப்பிரும்புச் சிலிண்டர். கணக்கின்படி ஒன்றேகால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடச் சீவ வேண்டும். ஆனால் ஒரேயடியாகச் சீவக்கூடாது. கொஞ்சம் எடுத்து, பூட்டி, பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டுவந்து, பார்மசியில் வாங்கிய பெரிய சிறிஞ்சால் மெல்லிய ஒயிலைப் பிளக் துளையால் விட்டு அளக்க வேண்டும். பிஸ்ரனைச் சுற்றிக் கிறீஸ் பூசினால் ஒயில் கீழே இறங்காது. பிறகு பிளக் துளையால் ஈயக் கம்பியை ஓரம் வரை விட்டு எஞ்சினை ஒருமுறை சுற்றி, நசுங்கிய தடிப்பை வேர்னியரில் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. சூட்டில் கொனெக்ரிங் றொட்டும் நீளும், பழைய பெயாரிங்கும் கொஞ்சம் ஆடும். பட்டறை மாமாவுக்கு இந்த அளந்து அளந்து சீவும் விளையாட்டு முதலில் பிடிக்கவில்லை. "ஒரேயடியா எத்தினை தவ் எண்டு சொல்லுமன்" என்றார். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஈயக் கம்பியைக் காட்டிய பிறகு அவரே வேர்னியரை வாங்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ரான்ஸ்பர் போர்ட்டுகளில் செய்தது துப்புரவு மட்டும். வார்ப்பில் மிஞ்சிய முட்களை நீக்கி, கிராங்க் கேஸ் வாயும் சிலிண்டர் வாயும் காஸ்கற்றும் ஒன்றோடொன்று படியாகப் பொருந்தாத இடங்களை ஒழுங்காக்கினேன். போர்ட்டுகளின் விளிம்புக் கூர்மையை அரத்தாளால் மழுக்கினேன், போர் பண்ணிய சிலிண்டருக்கு இது கட்டாயம். ஷ்னூர்லயின் சரிவில் கை வைக்கவில்லை. கண்ணாடி மாதிரிப் பளபளக்கத் தீட்டுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, பொறுமையும் இல்லை.

கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸோஸ்ற் போர்ட்டில் பாதி அடைந்திருந்தது. கரியைச் சுரண்ட ஸ்குறூ டிரைவரை எடுக்கிறவர்கள் அலுமினியப் பிஸ்ரனில் கோடு போட்டுவிடுவார்கள். பனஞ்சிலாகையில் ஒரு துண்டை உளிமாதிரிச் சீவி எடுத்தால் கரி போகும், பிஸ்ரனுக்குக் காயம் வராது. வயிரம் பாய்ந்த பனை கரியைவிட வலியது, அலுமினியத்தைவிட மெலியது. சைலன்சரின் உள்க் குழாயைக் கழற்றிக் கோஸ்ரிக் சோடாத் தண்ணீரில் ஊறவிட்டேன். அந்தத் தண்ணீர் அலுமினியத்தில் பட்டால் தின்றுவிடும், கையில் பட்டாலும் அப்படித்தான். அடைந்த சைலன்சரோடு ஓடும் ரூ-ஸ்ரோக்குக்கு எந்த ரியூனிங்கும் உதவாது. அதை மட்டும் துப்புரவாக்கிவிட்டு "எஞ்சின் வேலை செய்தேன்" என்று சொல்லிக் காசு வாங்கிய காலமும் இருந்ததாம்.

வயிறு பெருத்த எக்ஸ்பான்சன் சைலன்சர் போடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அதன் கதையும் சோப்பாவில்தான் நடந்தது. போருக்குப் பிறகு அதே தொழிற்சாலையில் எம்.இசட். என்ற பெயரில் வண்டி செய்தபோது, வோல்ற்றர் காடன் என்ற பொறியியலாளர் எக்ஸோஸ்ற் குழாயின் வடிவத்தால் ஒலியலையைத் திருப்பி அனுப்பலாம் என்று காட்டினார். வெளியே தப்பி ஓடிய புதுக் கலவையை அந்த அலை போர்ட் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளிவிடும். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரை வலு தந்தது, அதாவது ஒரு லீற்றர் எஞ்சின் கொள்ளளவுக்கு 200 குதிரை. அந்த ஆண்டே அவரது ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் சுவீடனில் நடந்த போட்டியிலிருந்து மேற்குக்குத் தப்பி, இரகசியத்தைச் சுசுக்கியிடம் கொண்டுபோனார். 1962இல் சுசுக்கி தன் முதல் உலகச் சாம்பியன் பட்டத்தை 50 சி.சி. வகுப்பில் வென்றது. அருமையான கதை, அருமையான பௌதிகம். ஆனால் அலை திரும்பிவரும் நேரம் குழாயின் நீளத்தில் கட்டுண்டது. குறிப்பிட்ட சுற்றில் மட்டும் அது போர்ட் மூடுவதற்குச் சரியாக வந்து சேரும். மற்றச் சுற்றுகளில் உதவாது, சிலவற்றில் கெடுக்கும். காடனின் வண்டிகளுக்குக் கியர் தாராளம். எனக்கு மூன்று. பிறகு அந்தச் சத்தத்தோடு நல்லூர் வீதியால் போனால் என்னவாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தால் வேகம் கூடும் என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துத் தோட்ட வீதிகளில் கோடையில் ஒருமுறை போய்வந்து சட்டைக் கழுத்தைப் பாருங்கள். அந்தச் செம்மண் ரூ-ஸ்ரோக்கில் நேரே சிலிண்டருக்குப் போகாது. முதலில் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பெயாரிங்கைத் தின்றுவிட்டுப் பிறகுதான் மேலே ஏறும்.

காபரேற்றர் அமால் மொனோபுளொக். அகட்டிய ஜெற்றை எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். அமால் ஜெற்றில் உள்ள எண் அது ஒரு நிமிடத்தில் விடும் பெற்றோலின் கன சென்ரிமீற்றர் அளவு, ஆகவே ஊசி போட்டு அகட்டினால் எண்ணுக்குப் பொருளில்லை. இங்கிலாந்துப் புத்தகங்கள் 15 பாகைக் குளிரை நினைத்து எழுதப்பட்டவை. எங்களுடைய 32 பாகையில் காற்றின் அடர்த்தி ஐந்தாறு வீதம் குறைவு. கணக்கின்படி சின்ன ஜெற் போதும். ஆனாலும் நான் புத்தகத்தில் சொன்னதற்கு ஒரு எண் மேலேயே நிற்கிறேன். கொஞ்சம் கூடுதலாகப் போகும் பெற்றோல் பிஸ்ரனைக் குளிர வைக்கும், லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் குறைந்தாலும் பரவாயில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டைக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று வரிசையில் நின்றபோது மட்டும் இந்தக் கொள்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பொறி நேரம் உச்சிக்கு முன் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒன்று, பொயின்ற் இடைவெளி 12 தவ். ஹெட்டைக் கழற்றி, பிஸ்ரன் தலையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பொயின்ற் திறக்கும் கணத்தைப் பிடிக்கச் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாள் போதும். இடையில் வைத்து இழுத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால், திறக்கும் இடத்தில் தாள் கழன்று வரும். கொம்பிறசனைக் கூட்டிய எஞ்சினுக்குப் பொறியையும் முந்த விடுவது ஆசை காட்டும் வேலை, அதற்குப் போகக்கூடாது. சூட்டில் செத்துப்போகும் கொண்டென்சரை மக்னெற்றுக்குள்ளிருந்து எடுத்து, மொறிஸ் மைனர்க் கார்க் கொண்டென்சர் ஒன்றை ராங்கிக்கு அடியில் பூட்டினேன். மொறிஸ் மைனருக்குச் சாமான் கிடைக்காத ஊர் இது இல்லையே.

ஒயில் விசயத்தில் குருநகர் அண்ணையோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. அவர் தன் மோட்டார்களுக்கு விடும் வெளியிணைப்பு ஒயிலையே எனக்கும் தந்தார். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கென்று செய்தது. காற்றால் குளிரும் சிலிண்டரின் சூட்டை அது தாங்காது. போத்தலில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற ஜப்பானியத் தரக்குறி போட்டிருக்கும் மோட்டார் சைக்கிள் ஒயில்தான் வேண்டும். பழைய கையேடுகள் இருபது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் என்று சொன்னது அந்தக் காலத்து ஒயிலுக்கு. இந்த ஒயிலோடு நான் முப்பதுக்கு ஒன்று விடுகிறேன். கரி குறைவு, புகையும் குறைவு. வருடாந்த வரிப் பத்திரத்துக்குப் புகைச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விசயம் அல்ல.

எல்லாம் பூட்டி, மெல்ல ஓடிப் பழக்கி, பிளக்கின் நிறம் பிஸ்கற் நிறத்துக்கு வந்த பிறகு வல்லை வெளிக்குக் கொண்டுபோனேன். ரியூனிங்கைச் சோதிக்க யாழ்ப்பாணத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. மரமில்லை, மதிலில்லை, சோளகம் அடித்தால் நேரே நெஞ்சில் அடிக்கும். மாமாவின் காலத்தில் அந்த வெளியில் இரண்டாவது கியருக்கு இறங்காமல் போகமாட்டாராம். இப்போது முப்பத்தைந்தில் மூன்றாவது போட்டு, அக்சிலேற்றரை மெல்லத் திறந்தால் ஒரு கணம் யோசித்துவிட்டு இழுக்கிறது. ஐம்பதுக்கு வந்ததும் அதற்கு மேலே போகவும் ஆசைப்படுகிறது. பண்ணைப் பாலத்தில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டும் அப்படித்தான். கண்டி வீதியில் எழுபதைத் தாண்டும். அதற்கு மேலே நான் விரட்டவில்லை. முன் பிறேக் ஐந்தரை அங்குல டிரம், புது லைனிங் ஒட்டியும் அது யோசித்துத்தான் பிடிக்கிறது. எத்தனை குதிரை கூடியது என்று அளக்கவில்லை. பத்தைத் தொட்டிருக்காது.

கூடிய இழுவையை முதலில் கண்டுகொண்டது கிளச். டி-7இன் கிளச்சுத் தட்டுகளில் சின்னச் சின்ன வட்டமாகத் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். ஏழு குதிரைக்கு அவை போதும். இப்போது மூன்றாவதில் திடீரென்று திறந்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி பின்னால் வருகிறது. ஸ்பிறிங்கை இறுக்கிப் பார்த்தேன், கை வலிக்கிறது, வழுக்கல் முற்றாக நிற்கவில்லை. ஸ்ரான்லி வீதிச் சாமான் கடைகளில் கேட்டால் தக்கையா, மருந்துப் போத்தல் மூடியா என்று பார்க்கிறார்கள். பின்னைய பன்ரங்களுக்கு வந்த தட்டு இதற்கும் பொருந்தும் என்று மச்சான் சொல்கிறான், அனுப்புகிறானாம். டி-14 சிலிண்டரையும் கூடவே வைத்து அனுப்பிவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது.